களிம்பு பூசும் முன்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் குழந்தைகளின் தோல் நோய்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் அருகருகே அமைந்த ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், தமிழ்நாட்டின் பிற நகரங்களில் உள்ளதைப் போலவே, குழந்தையின் தோலில் அரிப்போ தடிப்போ கண்டதும் பெற்றோர் பலர் முதலில் நாடுவது தெருமுனை மருந்துக்கடையைத்தான். அங்கே கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு ஒன்று, பாக்டீரியாவை எதிர்க்கும் மருந்து ஒன்று, பூஞ்சையை எதிர்க்கும் மருந்து ஒன்று என மூன்றும் ஒரே குழாயில் அடைக்கப்பட்டிருப்பதால், எந்த நோயாக இருந்தாலும் சில நாட்களுக்கு அரிப்பு அடங்கிவிடுகிறது; நோய் மட்டும் தங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, நோயின் அடையாளங்கள் கலைந்துபோவதுதான். குழந்தைகளுக்கு வரும் தோல் நோய்களில் பெரும்பகுதி, விலையுயர்ந்த பரிசோதனை எதுவுமின்றி, கண்ணால் பார்த்தும் சில கேள்விகளைக் கேட்டும் அறியக்கூடியவை என்பதால், அந்த அடையாளங்களைக் கலைக்கும் களிம்பு மருத்துவரின் முதன்மைக் கருவியையே பறித்துவிடுகிறது.

தோல் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் மூன்று தலையாயவை: உடலில் எங்கே தொடங்கியது, எத்தனை நாளாக இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது. இவற்றோடு தோலின் நிறத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலை நாட்டுப் பாடநூல்கள் அழற்சியைச் சிவப்பு நிறமாகவே வருணித்து வந்துள்ளன. மாநிறத்திலும் கறுப்பிலும் பிறந்த தமிழ்க் குழந்தையின் தோலில் அதே அழற்சி கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் பூத்த கருமையாகவோதான் தெரியும். சிவப்பைத் தேடுகிறவர் நோயின் கடுமையைக் குறைத்தே மதிப்பிடுவார். இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முகுவெண்டே என்பவர் கருந்தோலில் நோய்க்குறிகளை விளக்கும் கையேடு ஒன்றை 2020இல் தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். இந்தியத் தோல் மருத்துவர்கள் அன்றாட அனுபவத்தில் நெடுங்காலமாக அறிந்திருந்த செய்தி அது; ஆனால் பெற்றோர் கைபேசியில் தேடிப் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் இன்னும் வெள்ளைத் தோலின் படங்களே. கண்ணுக்கு எட்டாத சிவப்பைத் தேடுவதைவிட, தோலைத் தொட்டுச் சொரசொரப்பையும் வெம்மையையும் உணர்வதும், சொறிந்த தடங்களைத் தேடுவதும் நல்ல பலன் தரும்.

மேற்கண்ட மூன்றாவது கேள்வியே பாதி விடையாக அமைகிற நோய் சிரங்கு. 'சார்கோப்டிஸ் ஸ்கேபி' எனப்படும், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய, எட்டுக் கால் கொண்ட நுண்ணுண்ணியின் பெண் தோலின் மேலடுக்கைக் குடைந்து வளை அமைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடுகிறது. சாதாரணச் சிரங்கு உள்ள ஒருவரின் உடல் முழுவதும் சேர்த்து பத்துப் பதினைந்து உண்ணிகளே இருக்கும். உடலெங்கும் எழும் அரிப்பு அவற்றின் எச்சங்களுக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையின் விளைவு. முதல் முறை தொற்றும்போது அந்த ஒவ்வாமை உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆவதால், அரிப்பே இல்லாத காலத்தில் குழந்தை பாட்டியின் மடியிலும் தம்பியின் பாயிலும் உண்ணியைப் பரப்பி முடித்திருக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி, ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்களும் இரவில் கூடும் அரிப்பும் சேர்ந்து காணப்பட்டு, வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால் நோய் ஏறத்தாழ உறுதி. கைக்குழந்தைக்கு மட்டும் இந்த வரைபடம் மாறுகிறது: உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் ஆகிய இடங்களிலும் கொப்புளங்கள் வருவதால் வேறு நோயென்று எளிதில் ஏமாற நேரிடும்.

இதற்கு முதன்மை மருந்து 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு. இரண்டு மாதம் நிறைந்த குழந்தை முதல் பெரியவர் வரை இதைப் பூசலாம்; கழுத்து முதல் பாதம் வரை, நக இடுக்கும் தொப்புளும் விடுபடாமல் இரவில் பூசி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரம் சென்றபின் மீண்டும் ஒரு முறை பூச வேண்டும். கைக்குழந்தைக்குத் தலையிலும் முகத்திலும் கண்ணையும் வாயையும் தவிர்த்துப் பூசுவதுண்டு. இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்குக் கந்தகக் களிம்பே வழக்கம். ஐவர்மெக்டின் மாத்திரை 15 கிலோ எடைக்கு மேற்பட்டவர்களுக்கே தரப்படுகிறது. இத்தனை எளிய மருத்துவமும் பல வீடுகளில் தோற்பதற்குக் காரணம் மருந்தின் குறை என்று சொல்வதற்கில்லை. அரிப்பு இருப்பவர், இல்லாதவர் என்ற பாகுபாடின்றி ஒரே வீட்டில் உறங்கும் அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும் என்ற விதி, நூற்பாலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் எளிதில் நிறைவேறுவதில்லை. தந்தைக்கு ஆலையில் இரவு ஷிப்டு, மூத்த மகள் விடுதியில், அம்மாச்சி அடுத்த தெருவில் என்றிருந்தால், மருந்து பூசாமல் விடுபட்ட ஒருவரிடமிருந்தே அடுத்த மாதம் உண்ணி திரும்பி வந்துவிடும். ஆகவே ஷிப்டு மாறும் வாரத்தின் ஓய்வு நாளைத் தேர்ந்து, மகளை விடுதியிலிருந்து வரவழைத்து, அன்றிரவு எல்லோரும் சேர்ந்து பூசிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. உடலை விட்டு நீங்கிய உண்ணி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிழைப்பதில்லையாதலால், துணிகளையும் போர்வைகளையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுவதும், துவைக்க முடியாதவற்றைச் சாக்குப்பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைப்பதும் போதும். வீட்டையே மருந்தடித்துக் கழுவ வேண்டியதில்லை. உண்ணி இறந்தபின்னும் அதன் எச்சங்கள் தோலில் இருக்கும்வரை இரண்டு முதல் நான்கு வாரங்கள் அரிப்பு நீடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்குவது தவிர்க்கப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பிஜித் தீவுகளில் நோயுற்றோர், நோயற்றோர் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றில், ஓராண்டு முடிவில் சிரங்கு உள்ளவர்களின் விகிதம் 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முழு ஊருக்கும் சேர்த்துச் செய்த அந்த மருத்துவத்தின் தத்துவமும், ஒரு வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொள்வதன் தத்துவமும் ஒன்றே.

சிரங்கைச் சொறியும் விரல் நகம் வழியாக ஸ்டாபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்தால், சீழ்க்கொப்புளங்கள் வெடித்துத் தேன் நிறப் பொருக்கு படியும் புண்கள் தோன்றுகின்றன. மூக்கைச் சுற்றியும் வாயோரத்திலும் இவை தனியாகவும் வரும். தென்மாவட்டங்களில் இத்தகைய கொப்புளக் கூட்டங்களை அக்கி என்று கருதி, மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிச் சென்று, காவி குழைத்து உடலில் உருவம் எழுதி வரும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. அக்கி என்று சொல்லப்படுபவற்றுள் வைரசால் வரும் சில தாமாகவே ஆறிவிடுபவை என்பதால் அந்த எழுத்துக்குப் பலித்த பெயர் நிலைத்துவிட்டது. பாக்டீரியாப் புண்ணுக்கு அது பலிக்காது. புண் சிறிதாயின் வெதுவெதுப்பான நீரால் பொருக்கை ஊறவைத்து அகற்றி மியூபிரோசின் அல்லது பியூசிடிக் அமிலக் களிம்பைப் பூசினாலே ஆறிவிடும். பரவினால் வாய்வழி ஆன்டிபயாடிக் தேவை. இதைச் சாதாரணமாக விடக்கூடாது என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தோல் புண் வந்த மூன்று வாரங்கள் போல் கழித்துச் சிறுநீரக அழற்சி வரக்கூடும். புண் ஆறி எல்லோரும் மறந்துவிட்ட வேளையில், காலையில் குழந்தையின் முகம் உப்புவதும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் குறைவாகப் போவதும் அதன் அறிகுறிகள்.

கரப்பான் எனத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் ஒவ்வாமைத் தோல் அழற்சி, மேற்கண்டவற்றைப் போல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. பெரும்பாலும் முதல் வயதிலேயே கன்னங்களிலும் கைகால்களின் வெளிப்புறத்திலும் தொடங்கி, இரண்டு வயதுக்குமேல் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, கழுத்து ஆகிய இடங்களுக்கு இடம்பெயர்கிறது; இந்த இடமாற்றமே நோயறிதலின் முக்கியச் சான்று. குடும்பத்தில் ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ இருப்பது மற்றொரு சான்று. ஆரோக்கியமான மேல்தோல், செங்கற்களுக்கிடையே சாந்து பூசிய சுவரைப் போன்றது. கரப்பான் உள்ள குழந்தைக்கு அந்தச் சாந்து பிறவியிலேயே நலிந்திருப்பதால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, வெளியிலுள்ள சோப்பும் தூசியும் உள்ளே நுழைந்து அழற்சியைத் தூண்டுகின்றன. மேல்தோலை உறுதியாக்கும் 'பிலாக்ரின்' என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் கண்டறியப்பட்டபின், நோயைப் பற்றிய பார்வை உணவிலிருந்து தோலை நோக்கித் திரும்பியது.

பாட்டிமாரின் பார்வை இன்னும் உணவின்மேல்தான் நிற்கிறது. கத்தரிக்காய், கருவாடு, முட்டை ஆகியவற்றைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கிக் குழந்தைக்கு மட்டுமின்றிப் பாலூட்டும் தாய்க்கும் பத்தியம் விதிப்பது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. குறிப்பிட்ட ஓர் உணவை உண்ட சில மணி நேரத்துக்குள் தடிப்போ வாந்தியோ உதட்டு வீக்கமோ வந்த அனுபவம் இருந்தாலொழிய, எல்லாவற்றையும் ஒதுக்குவதால் தோல் தேறுவதில்லை, எடைதான் குறைகிறது. அதே பாட்டியின் எண்ணெய்க் கைப்பழக்கம் வேறு கதை. தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு உண்மையிலேயே நல்லது என்பதைக் கரப்பான் உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வும் ஆதரிக்கிறது. பிழை நேர்வது எண்ணெய் தேய்த்ததற்குப் பின்னால்தான்: அவ்வளவு எண்ணெயையும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, பயற்றமாவும் நலங்குமாவும் போட்டு அழுந்தத் தேய்த்து எடுத்துவிட்டால், தோல் முன்னைவிட வறண்டு போகிறது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, நுரை குறைந்த மென்சோப்பை அழுக்குள்ள இடங்களில் மட்டும் தொட்டு, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் எண்ணெயோ ஈரங்காக்கும் களிம்போ தாராளமாகப் பூசுவதே மருத்துவத்தின் பாதி.

மீதிப் பாதி ஸ்டீராய்டு. இச்சொல்லைக் கேட்டதும் அஞ்சும் பெற்றோரும், பெயர் தெரியாமலேயே மாதக்கணக்கில் அதைப் பூசும் பெற்றோரும் ஒரே தெருவில் இருப்பது இவ்விஷயத்தின் விந்தை. அழற்சி மூளும்போது 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் போன்ற மென்மையான ஸ்டீராய்டை, மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூசுவது பாதுகாப்பானது. அஞ்சி அரைகுறையாகப் பூசினால் நோய் நீள்கிறது. பெரியவரின் ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை குழாயிலிருந்து பிதுக்கினால் வரும் அளவு ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். முகத்துக்கும் மடிப்புகளுக்கும், இரண்டு வயது கடந்தபின், ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் உண்டு. கடுமையாக மூண்ட நாட்களில் களிம்பின்மேல் ஈரத்துணியும் அதன்மேல் உலர்துணியும் சுற்றும் ஈரக்கட்டு முறை நல்ல பலன் தரும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதால், இந்த மருத்துவத்துக்கு வேண்டிய மெல்லிய பருத்தித் துணிக்கு இவ்வட்டாரத்தார் எங்கும் அலைய வேண்டியதில்லை.

களிம்பு செய்யும் கேடு மிக வெளிப்படையாகத் தெரிவது படர்தாமரையில். இது பூஞ்சைத் தொற்று. நடுவில் ஆறி, ஓரத்தில் செதிலும் பருக்களுமாக வளையம் விரிவது இதன் முத்திரை. முன்பு பெரியவர்களுக்கே மிகுதியாகக் காணப்பட்ட உடல் படர்தாமரை அண்மை ஆண்டுகளில் கைக்குழந்தைகளையும் விடுவதில்லை. தாயின் இடுப்பிலிருந்து இடுப்பில் ஏறும் குழந்தைக்கு அது எளிதாக இடம் மாறுகிறது. அரைஞாண் கயிறு வியர்வையில் ஊறி நாள்முழுதும் ஈரமாகவே கிடக்கும் குழந்தைகளுக்குக் கயிறு உராயும் கோட்டிலேயே வளையங்கள் தொடங்குவதும் உண்டு. மருத்துவம் முடியும்வரை கயிற்றைக் கழற்றிவைக்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். இந்த வளையத்தின்மேல் ஸ்டீராய்டு கலந்த கலவைக் களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கி, வளையத்தின் ஓரம் மங்கி, உள்ளுக்குள்ளே பூஞ்சை தடையின்றிப் பெருகி, நிறுத்தியதும் முன்னிலும் பரந்து வெளிப்படுகிறது. மெல்லிய குழந்தைத் தோலில் வரிவரியான நிலைத்த தழும்புகளும் விழுகின்றன. இந்தியாவில் பரவியுள்ள, டெர்பினாபின் மருந்துக்குப் பலவேளை கட்டுப்படாத பூஞ்சை வகைக்கு 2020இல் 'டிரைகோபைட்டான் இண்டோடினியே' என்று நம் நாட்டின் பெயரையே ஏற்றிப் பெயரிட்டார்கள். அதன் பரவலில் கலவைக் களிம்புகளுக்கும் பங்குண்டு என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். தோல் மருத்துவர் சங்கத்தின் தொடர் வற்புறுத்தலுக்குப்பின் 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. விதி தாளில் இருக்கிறது. குழாய் கடைப் பலகையில் இருக்கிறது. ஐயம் எழும்போது செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரையவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், தோலின் கெரட்டின் கரைந்து பூஞ்சை இழைகள் மட்டும் தெரியும். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனைக்குச் செலவு மிகக் குறைவு. தலையில் முடி உதிர்ந்து வட்டவட்டமாகத் தோன்றும் பூஞ்சைத் தொற்றுக்கு மட்டும், மயிர்க்காலுக்குள் களிம்பு எட்டாது என்பதால், வாரக்கணக்கில் வாய்வழி மருந்து தேவைப்படுகிறது.

பள்ளிக் குழந்தையின் கன்னத்தில் எல்லை மங்கலான வெளிறிய திட்டு தோன்றினால் வயிற்றுப் பூச்சி என்றும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றும் சொல்லாத வீடு அரிது. இரண்டும் காரணம் இல்லை. வறண்ட தோலில் லேசான அழற்சி வந்து ஆறிய இடம் வெயிலில் கறுக்காமல் நிற்பதே அத்தேமல். எண்ணெயோ ஈரக்களிம்போ பூசிக் காத்திருந்தால் சில மாதங்களில் மறைந்துவிடும். எனினும் வெளிறிய திட்டு ஒவ்வொன்றிலும் தொழுநோயை நினைவில் கொள்வது மருத்துவரின் கடமை. இந்தியா 2005 இறுதியில் தொழுநோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கியதாக அறிவித்தாலும், நோய் முற்றிலும் ஒழியவில்லை. குழந்தைக்கு அது வருவது, அருகில் மருத்துவம் பெறாத பெரியவர் ஒருவர் இருப்பதற்கான அடையாளம். உணர்ச்சி குன்றிய, வியர்க்காத, முடி குறைந்த திட்டு என்பன அதன் குறிகள். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வது எளிய சோதனைதான். ஆனால் முகத்தில் நரம்புகள் செறிந்திருப்பதால் அங்கே உணர்ச்சிக் குறைவு எளிதில் பிடிபடாது, சிறுவர் விளையாட்டாகவும் பதில் சொல்வார்கள். ஆகவே மாறாத திட்டை ஓரிரு மாத இடைவெளியில் மீண்டும் பார்ப்பது முறை. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். 6 முதல் 12 மாதங்களில் நோய் குணமாகிறது.

கோடையின் சிறு தொல்லைகளை விரைந்து கடந்துவிடலாம். வியர்வை நாளங்கள் அடைபட்டு வரும் வியர்க்குருவுக்குக் காற்றும் பருத்திச் சட்டையும் இரண்டு வேளைக் குளியலுமே மருந்து. அள்ளிக் கொட்டும் பவுடர் அடைப்பைக் கூட்டும். சப்பட்டை மாம்பழத்துக்குப் பேர்போன ராஜபாளையத்தில், மாம்பழம் தின்றால் சூட்டுக் கொப்புளம் வரும் என்பதில் ஓரளவு உண்மை கலந்திருக்கிறது: காம்புப் பாலிலும் தோலிலும் உள்ள ஒவ்வாமைப் பொருள் உதட்டோரத்தில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரும், பழத்தைக் கழுவிக் காம்பறுத்துத் தோல் சீவிக் கொடுத்தால் வராது, முதுகில் எழும் சீழ்க்கட்டிக்கு மட்டும் மாம்பழத்தைக் குறை சொல்வதற்கில்லை. முத்துப்போல் திரண்டு நடுவில் குழிந்த பாலுண்ணிகள் வைரசால் வருபவை, ஓராண்டு போல் பொறுத்தால் தாமே உதிர்பவை. சுண்ணாம்பு வைத்துச் சுட்டுத் தழும்பாக்க வேண்டாம். கை, கால், வாயில் கொப்புளத்துடன் வரும், மக்கள் தக்காளிக் காய்ச்சல் என்று அழைக்கும் நோயும் ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடுகிறது. அம்மை போட்ட குழந்தைக்கு வேப்பிலை தீங்கு செய்யாது. குளிப்பாட்டாமல் வைப்பதும் ஆஸ்பிரின் கொடுப்பதும் தீங்கு செய்யும்.

காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலைகள் சில உண்டு. காய்ச்சலோடு அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் தோன்றுவது, மருந்து உட்கொண்ட சில நாட்களில் வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிவது, உதடும் முகமும் வீங்கி மூச்சுத் திணறுவது, கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரென ஒரே அளவான சிறு குழிப்புண்கள் கொத்தாக எழுவது ஆகியவை அத்தகையவை. மற்றவற்றுக்குப் பகல்நேரப் புறநோயாளிப் பிரிவு போதும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் சிரங்கும் பூஞ்சைத் தொற்றும் கரப்பானும் இடம்பெற்றுள்ளன. உயர்மருத்துவத்துக்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல வேண்டியிருந்த இவ்வட்டாரத்துக்கு, 2022 ஜனவரியில் விருதுநகரில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி தொலைவைக் குறைத்திருக்கிறது. எங்கே சென்றாலும், ஏற்கெனவே பூசிய களிம்பின் குழாயை, தீர்ந்துபோயிருந்தாலும், கையோடு எடுத்துச் செல்வது நல்லது. அதன் மூலப்பொருள்களைப் படித்துப் பார்த்தே மருத்துவர் அதை உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா, தோலின் உண்மை முகம் தெரிய எத்தனை நாள் பொறுப்பது என்று முடிவு செய்வார்.